செவில்லா போவதா, கிரனாடா போவதா?

ஸ்பெயினின் தெற்கே இரண்டு நாள்தான், ஒரே ஊர்தான் என்றால்:

கட்டடம்
கிரனாடா: அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை-அரண்மனை வளாகம் ஒன்றே போதும். ஆனால் அதற்குள் இருக்கும் நாஸ்ரிட் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். வளாகம் பெரியது; நுழைவாயிலிலிருந்து அங்கே நடந்து சேரவே நேரம் பிடிக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சீசனில் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும்.
செவில்லா: அல்காசர் அரண்மனையும் பேராலயமும் பக்கத்துப் பக்கத்தில். பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்டாவில் ஏறச் சரிவுப்பாதைதான், உச்சியில் மட்டும் சில படிகள். முட்டிவலிக்காரர்கள்கூட நின்று நின்று ஏறலாம்.

சாப்பாடு
கிரனாடா: பானம் வாங்கினால் தாபாஸ் (கொறிக்கச் சிறு பதார்த்தம்) தட்டு இலவசம். என்ன வரும் என்பது கடைக்காரர் இஷ்டம். சைவம் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் பன்றித்தொடை வந்து நிற்கும்.
செவில்லா: தாபாஸுக்குக் காசு உண்டு, கேட்டது கிடைக்கும். சீரகம் மணக்கும் கீரை-கொண்டைக்கடலையைத் தவறவிடாதீர்கள்.

வெயில்
செவில்லா ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி தாண்டும். கிரனாடாவிலும் பகல் சுடும். ஏறத்தாழ 700 மீட்டர் உயரம், அதனால் இரவு ஆறிவிடும்.

நடை
செவில்லா சமதளம். கிரனாடாவின் பழைய குடியிருப்புப் பகுதியான அல்பைசின் கூழாங்கல் பாவிய ஏற்றம். சக்கரப் பெட்டி அங்கே வீண்.

பெரியவர்களோடு போனால் செவில்லா. அல்ஹம்ப்ரா டிக்கெட் கிடைத்துவிட்டதா? கிரனாடாதான்.