கலர் இங்க் தீந்துபோன ஆஸ்பத்திரியும் எங்கம்மாவோட கருவிழியும்

பர்மிங்ஹாம்ல இருந்து மூணு வருசம் கழிச்சு, பாலக்காட்டுப் பக்கம் இருக்குற எங்க ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தேன். கல்யாணம், கோயில் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அத விடுங்க. ஒரே ஒரு பிரிண்ட் அவுட் கதையத்தான் சொல்லணும், இன்னும் வயிறெரியுது.

அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் ஆகி சில வருசத்துல கருவிழி, அதாவது கண்ணுக்கு முன்னாடி கண்ணாடியாட்டம் இருக்குற தோல், அதோட உள்பக்கத்து செல்லெல்லாம் கொறஞ்சுபோச்சு. அந்த செல்லுதான் தண்ணிய வெளிய தள்ளுற மோட்டார், போனா மறுபடி வளராது. அதனால கருவிழி வீங்கி, காலைல எந்திரிச்சா ஒரே பனிமூட்டம். கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில, யாரோ புண்ணியவான் தானமா குடுத்த கருவிழியோட உள்தோல மட்டும் வெச்சாங்க. முழுசா மாத்துறதுன்னா சுத்தி 16 தையல் மாதிரி போடுவாங்களாம், இதுல காத்துக்குமிழி விட்டு மல்லாக்கப் படுக்க வெச்சா ஒட்டிக்குது.

நான் கூட்டிட்டுப் போனது மூணாம் மாச செக்கப்புக்கு. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, வெயில்ல. ஓசிடி ஸ்கேன் எடுத்தாங்க, ஒளிய விட்டே கண்ணத் தொடாம கருவிழிய குறுக்க வெட்டுன மாதிரி படம் வருது, அஞ்சே நிமிசம். பர்மிங்ஹாம்ல இதுக்கு லெட்டர் போட்டு மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும். அப்படியே பூரிச்சுப் போயி நிக்கிறேன், கவுண்டர்ல பேப்பர நீட்டுறாங்க. கருப்பு வெள்ளை.

"கலர் இங்க் தீந்துருச்சுங்க சார், எல்லாம் இதுலயே தெரியுமே."

எங்கய்யா தெரியுது? கருவிழி தடிமன் மேப்புல வீங்குன எடம் நீலம், மெலிசான எடம் செவப்பு. கருப்பு வெள்ளைல ரெண்டும் ஒரே சாம்பல். பாலக்காட்டு டாக்டர்தான் இனி சொட்டு மருந்து பாக்கப்போறாரு, நாளைக்கு உடம்பு ஏத்துக்காம மறுபடி வீங்குனா எதோட ஒப்பிடுவாரு? பென்டிரைவ்ல கேட்டேன், வைரஸ் வரும்னாங்க. மெயில் அனுப்பக் கேட்டேன், ஐடி செக்ஷன்ல கேக்கணுமாம், அந்த செக்ஷன் சாப்பிடப் போயிருக்காம். ஒன்றரை மணி நேரம்! அம்மா வேற, "வுடு கண்ணு, கண்ணு தெரியுதே, பேப்பர் எதுக்கு"ங்கறா.

கடைசில ஸ்கேன் ரூம் பையன்தான் கூப்பிட்டான். "அம்மா இப்படி உக்காருங்க"ன்னு, மானிட்டர்ல மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டான். கருவிழி தடிமன் மொத வாரம் 690 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ஒரு மாசத்துல 590, இப்ப 545, சாதாரண கண்ணே 540 சுமாருக்குத்தான் இருக்குமாம். மொத படத்துல ஓரத்துல உள்தோல் கொஞ்சம் தூக்கிட்டு நின்னது, இப்ப அப்பிக்கிடுச்சு. இன்னொரு மிஷின்ல செல்லுங்களும் தெரிஞ்சுது, ஆறு பக்கமா.

"அட, தேனடையாட்டமல்ல இருக்குது தம்பி, இது யாரோடதுங்க?"ன்னா அம்மா.

"இப்ப உங்களோடதுதாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசல. நான் போன்ல மானிட்டரப் படம் புடிச்சேன், வேண்டாம்னு அவன் சொல்லல, வாசப்பக்கம் பாத்து நின்னுக்கிட்டான்.

ஊர் ஜெராக்ஸ் கடைல கலர்ல எடுத்தேன், 20 ரூபா. கடைக்காரரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏதுங்க, தோட்டத்து வரைபடமா?"ன்னாரு.