முன்னூறு ரூபாக்குள்ள வர்ற மஞ்சள் மல்டிமீட்டர், ராடு ஹீட்டர் வச்சிருக்கவங்க வீட்ல கண்டிப்பா இருக்கணும்

சென்னைல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த கடைக்கு போனாலும் தொங்குமே அந்த டிடி-830டி, அத தான் சொல்றேன். இதுல ஏசி ஆம்ப்ஸ், அதாவது வீட்டு லைன்ல எவ்வளவு கரண்ட் ஓடுதுனு பாக்க முடியாது, 10 ஆம்ப்ஸ் ஓட்டை இருக்கு ஆனா அது பேட்டரி மாதிரி டிசிக்கு மட்டும், அதுலயும் ஃப்யூஸ் கிடையாது. அதனால வீட்டு சாமானுக்கு யூஸ் இல்லனு நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஓம்ஸ், அதாவது மின்தடை பாத்தாலே போதும், மிச்சத்த ஓம் விதி சொல்லிடும்: வோல்ட்டேஜ வோல்ட்டேஜாலயே பெருக்கி ஓம்ஸால வகுத்தா வாட்ஸ்.

பக்கத்து வீட்டு அக்கா புதுசா ஒரு ராடு வாங்கியிருந்தாங்க, அட்டைல 1500 வாட்ஸ்னு பெருசா போட்டிருக்கு, ஆனா ஒரு பக்கெட் தண்ணி சூடாக அரை மணி நேரத்துக்கு மேல ஆகுதுப்பானு சொன்னாங்க. பிளக்க கழட்டிட்டு டயல ஓம்ஸ்ல 200க்கு திருப்பி மொதல்ல மீட்டரோட ரெண்டு ப்ரோபையும் (வயர் முனைல இருக்க குச்சி) ஒண்ணோட ஒண்ணு தொட்டு பாத்தா 0.5 காட்டுச்சு, அது வயரோட மின்தடை, கழிச்சுக்கணும். அப்புறம் பிளக்கோட ரெண்டு பின்லயும் வச்சா 53.4. அரைய கழிச்சா 52.9 ஓம். வீட்டு வோல்ட்டேஜ் 230, அத 230ஆல பெருக்கினா 52900, அத 52.9ஆல வகுத்தா சரியா 1000 வாட்ஸ்! 1500னா 35 ஓம் பக்கம் வந்திருக்கணும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா விட்ரலாம், மூணுல ஒரு பங்கு குறையுதுன்னா அது ஏமாத்து தான். அக்கா அந்த நம்பர காட்டி கடைல மாத்திட்டு வந்துட்டாங்க.

அதே பிளக்ல மேல இருக்க பெரிய எர்த் பின்னுக்கும் மத்த பின்னுக்கும் நடுவுலயும் பாத்துடுங்க, டயல கடைசி 2000கே ரேஞ்சுல வச்சு. இடது ஓரத்துல வெறும் 1 நின்னா நல்லது, உள்ள எங்கயும் ஒட்டலனு அர்த்தம், வேற நம்பர் எதாவது வந்தா கரண்ட் கசியுது, அந்த ராட தண்ணில வைக்கவே வைக்காதீங்க.

இன்னொன்னு, ஏசி 750ல வச்சு சாயங்காலம் வீட்டு வோல்ட்டேஜ் பாருங்க. 200 தான் வருதுன்னா 35 ஓம் இருக்க சரியான 1500 வாட்ஸ் ராடு கூட 1140 வாட்ஸ் பக்கம் தான் இழுக்கும். வோல்ட்டேஜ் 13 பர்சன்ட் தான் குறையுது ஆனா பவர்ல கால்வாசி போயிடுது, ஏன்னா வோல்ட்டேஜோட வர்க்கத்துக்கு தான் பவர் போகுது. அப்ப ராட குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், கீசர் எல்லாத்துக்கும் இந்த கணக்கு செட் ஆகும், அயர்ன் பாக்ஸ்ல நாப்ப திருப்பி வச்சுட்டு, கெட்டில்ல சுவிட்ச போட்டுட்டு பாக்கணும் இல்லனா ஓப்பன்னு, அதாவது வெறும் 1 காட்டும். மிக்ஸி, ஃபேனுக்கு செட் ஆகாது, அது மோட்டார், ஓட ஆரம்பிச்சா கதையே வேற. குண்டு பல்பும் அப்படி தான், 100 வாட்ஸ் பல்பு எரியும்போது 529 ஓம், ஆறிப்போய் இருக்கும்போது அதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

குறைன்னா ப்ரோப் வயர் ரொம்ப மெலிசு, தனியா நல்லதா வாங்கிக்கோங்க. ஓம்ஸ்ல டயல் இருக்கும்போது தப்பி தவறி கூட சுவத்து சாக்கெட்ல குத்திடாதீங்க. பேனல் போர்டு, மூணு ஃபேஸ்னு வேலை பாக்கறவங்களுக்கு இது வேணாம், காசு போட்டு, வயர சுத்தி கவ்வி ஆம்ப்ஸ் பாக்கற நல்ல க்ளாம்ப் மீட்டரா எடுத்துடுங்க. வீட்டுக்கு மட்டும்னா அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா தரலாம்.