கேஸ் அலாரம் மாட்டுகிறோம் என்று வந்தவர்களிடம் 4,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம், வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் அத்தையும் (என் மாமியார்) மட்டும் வீட்டில் இருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஃபைல். “கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம்மா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை செக்கிங் கட்டாயம், உங்க ஓனர் சார்கிட்ட பேசியாச்சு” என்று ஓனர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தப் பெயர் கீழே கேட்டிலேயே பலகையில் எழுதியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை என்பது உண்மைதான், முழுக்க முழுக்கப் பொய் சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருக்கவே மாட்டேன்.

உள்ளே வந்ததும் முதல் வேலையாக அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு டியூபைப் பிடித்து வளைத்து, “காலாவதி ஆயிடுச்சு, இதோட எப்படிம்மா சமைக்கிறீங்க, வீட்ல குழந்தை வேற இருக்கு” என்றார் ஒருவர். பயம் வந்துவிட்டது. அந்த டியூபில் காலாவதி வருடம் அச்சடித்திருக்கும், எங்களுடையதில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது, வாங்கிய ரசீதை அப்புறம் தேடி எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்குள் பழையதைக் கழற்றித் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு புதிது மாட்டிவிட்டார்கள், 600 ரூபாய். அப்புறம் கேஸ் அலாரம் 2,400, புகை அலாரம் 1,600. “வாடகை வீடுகளுக்கு இது இப்போ கட்டாயம், ஓனர் வாடகைல கழிச்சுக்குவார், நீங்க பில்லைக் காட்டினா போதும்” என்றார்கள். டிரில் போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்தில், லாஃப்டை ஒட்டி ஏழடி உயரத்தில் கேஸ் அலாரத்தை மாட்டினார்கள். சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அதன் மூக்கருகே பிடித்து அழுத்தினார், அலாரம் வீடே அதிரக் கத்தியது. அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்து ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டேன். பணம் போனது ஒரு தனிநபர் பெயருக்கு. அதையும் பார்த்தேன், ஆனாலும் கேட்கவில்லை.

புகை அலாரத்தை அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். கடுகு தாளித்தால் கத்தும், அப்பளம் பொரித்தால் கத்தும், மூன்றாம் நாளே என் கணவர் அதன் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். புகை அலாரம் இருக்கவேண்டியது சமையலறையில் இல்லை, ஹாலிலோ படுக்கையறை வாசலிலோ கூரையில் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அதைவிட அந்த கேஸ் அலாரம் விஷயம்தான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பத்து நாள் கழித்து, இரவு பத்தரை மணி. மாவுச் சட்டியை மேடைக்குக் கீழே வைக்கக் குனிந்த அத்தை அப்படியே நிமிர்ந்து, “ஏம்மா, கேஸ் நாத்தம் அடிக்குது பாரு” என்றார். நின்றபடி மோந்து பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. குனிந்தேன், குப்பென்று அடித்தது. மேலே அலாரத்தில் பச்சை விளக்கு எல்லாம் நலம் என்பதுபோல எரிந்துகொண்டிருந்தது, ஒரு சத்தம் இல்லை. என் கை தானாக ஸ்விட்ச் போர்டுக்குப் போனது. “லைட்டைத் தொடாத!” என்று அத்தை போட்ட சத்தத்தில்தான் நின்றேன். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் கழுத்தில் நூலில் தொங்கும் அந்த வெள்ளை மூடியைப் போட்டு, வாசல் கதவு, பால்கனிக் கதவு எல்லாவற்றையும் திறந்து, மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவைத் திறந்தால்தான் தரையில் கிடக்கும் கேஸ் வெளியே போகும்.

கீழே தெருவுக்கு வந்தபிறகுதான் 1906க்குப் போன் செய்தோம். கேஸ் கசிவுக்கென்றே இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கும் எண், எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் அண்ணன் வந்தார். சோப்பு நுரையை டியூப் முனையில் தடவினார், ரெகுலேட்டரில் மாட்டும் இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது. நீலச் சட்டைக்காரர்கள் மாட்டிய அதே டியூப்! ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, உள்ளே கம்பி வலை இல்லை, வெறும் ரப்பருக்கு ஆரஞ்சு நிறம். கத்தியால் கீறிக் காட்டினார்.

பிறகு மேலே நிமிர்ந்து அலாரத்தைப் பார்த்துவிட்டு, “இதை யாரும்மா அங்க மாட்டுனது?” என்றார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில்தான் பரவும், அதனால் அலாரம் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் கேஸ் என்றால் அது லேசானது, மேலே போகும், அதற்குத்தான் உயரத்தில் மாட்டுவார்கள். எங்கள் வீட்டு அலாரம் ஏழடி உயரத்திலிருந்து கத்த வேண்டுமானால் கேஸ் எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அத்தை அன்று குனியாமல் போயிருந்தால், காலையில் ஐந்து மணிக்குக் காபி போட நான்தான் முதலில் லைட்டைப் போட்டிருப்பேன்.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனோம். அவர்கள் யாரையும் அனுப்பவில்லை. உண்மையான சோதனைக்கு 236 ரூபாய்தான், ரசீதில் நம் கன்ஸ்யூமர் நம்பர் இருக்கும், அலாரம் எதுவும் கட்டாயம் இல்லை என்றார்கள். எங்களிடம் இருந்த பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை, போன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஓனர் சாருக்குப் போன் செய்தால் அவருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் டைல்ஸில் ஆறு ஓட்டை என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது, காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறார். அவர் கோபத்தையும் தப்புச் சொல்ல முடியவில்லை, அவர் பெயரைச் சொன்னதும் நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். அப்போதே ஒரு நிமிடம் அவருக்குப் போன் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாருக்கான ரசீது) வாங்கியிருக்கிறோம், ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லியாயிற்று. பணம் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவைத்து, கேஸ் புக்கில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், அவர்கள் நீட்டும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். பழைய டியூபை எந்தக் காரணத்துக்கும் கொடுத்தனுப்பாதீர்கள். ஏற்கெனவே அலாரம் மாட்டியிருந்தால் இப்போதே போய் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

எங்கள் அலாரத்தை மெக்கானிக் அண்ணன் அன்றிரவே கழற்றி, சிலிண்டருக்கு எதிர்ச் சுவரில் முழங்காலுக்குக் கீழே மாட்டிக் கொடுத்தார். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கும் இதே இரண்டு பேர் போயிருக்கிறார்கள், அவர்களிடம் 5,200 வாங்கியிருக்கிறார்கள். அங்கேயும் அலாரம் லாஃப்டை ஒட்டித்தான் இருந்தது. நேற்று என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கழற்றிக் கீழே மாட்டி, ஏஜென்சியில் வாங்கிய புது டியூபையும் மெக்கானிக் அண்ணனை விட்டு மாட்டவைத்துவிட்டு வந்தார்.