லாரியை இடப்பக்கம் தாண்டாத கார்: ஏசிசி கோடிங், ஒன்றரை வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மாதம் மூன்று நான்கு தடவை சென்னை போய் வருகிறேன். வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் குழுமத்து செடான். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு, வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ், அதாவது ஏசிசி, வண்டியோடு வந்தது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் அதைத் தொடுவதே இல்லை. புதுச்சேரி தாண்டி, மொரட்டாண்டி டோலுக்கு அப்புறம்தான் போடுவேன். தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

வலது லேனில் ஒரு லாரி உருட்டிக்கொண்டு போகும். இடது லேன் காலியாகக் கிடக்கும். அதில் 95-இல் போனால், என் வண்டி லாரியைத் தாண்டாது. வேகத்தைக் குறைத்து அதன் பின்னாலேயே நடந்து வரும். பழுது என்றே நினைத்தேன். பழுதில்லை, ஒழுக்கம்! ஜெர்மனியின் ஆட்டோபானில் வலப்பக்கமாக முந்தக் கூடாது. அதை ஏசிசிக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். ஏறத்தாழ 80-க்கு மேல் வேலை செய்யும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வலது லேனைக் குடியிருப்பாக வைத்திருக்கும் நம் லாரிகளைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் செட்டிங்கை மாற்றுவதைத்தான் கோடிங் என்கிறார்கள். அதற்கான விசிடிஎஸ் கேபிளை நண்பரிடம் இரவல் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகினேன். இந்தக் குழுமத்து வண்டிகளில், அந்த மெனுவில் ஏசிசி யூனிட்டின் எண் 13. மூன்று மாற்றங்கள்: முந்தும் தடையை எடுத்தது, கடைசியாக வைத்த இடைவெளியை நினைவில் வைக்கச் சொன்னது, பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் 10-க்குப் பதில் 1 கி.மீ. ஏறும்படி செய்தது. முதல் தடவை ஒரு பிட், அதாவது கோடிங்கில் ஒரு சின்ன சுவிட்ச், மாறிப்போய், டாஷ்போர்டில் வரிசையாக எச்சரிக்கை விளக்குகள். பழைய கோடிங்கை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். இதில் கை வைப்பவர்கள் முதலில் படம் எடுங்கள், பேட்டரியில் சார்ஜரை மாட்டுங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் வம்பு.

தினமும் பயன்படுவது இடைவெளி நினைவுதான். முன்பெல்லாம் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் நடு அளவுக்குத் திரும்பிவிடும். 100-இல் போகும்போது இரண்டு விநாடி இடைவெளி என்றால் சுமார் 55 மீட்டர். நம் ஊரில் அவ்வளவு இடம் விட்டால் ஒரு பஸ்ஸும் இரண்டு பைக்கும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஒரு படி குறைத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே நிற்கிறது. 1 கி.மீ. மாற்றம் வீண். 80-லிருந்து 100-க்குப் போக இருபது தட்டு! ஒரே வாரத்தில் பழையபடி மாற்றிவிட்டேன்.

முந்தும் தடை விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு மனசு. எடுத்த பிறகு பயணம் சுகமாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதம், கிளியனூர் பக்கம், ஒரு லாரியை இடப்பக்கம் தாண்டிக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு டீக்கடை தெரிந்துவிட்டது. இண்டிகேட்டர் இல்லை, கையும் காட்டவில்லை, அப்படியே இடது பக்கம் இறங்கினார். நான் பிரேக் மிதித்து மண்ணில் இறங்கி நின்றேன். ஜெர்மன்காரன் எதற்கு அப்படி எழுதினான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் தடையைத் திரும்பப் போடவில்லை. இப்போது இடப்பக்கம் தாண்டும்போது மட்டும் ஏசிசியை எடுத்துவிட்டு, காலை பிரேக் மேல் வைத்து, ஹாரன் அடித்துப் போகிறேன்.

ஒரு சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். கோடிங் எல்லாம் போய்விட்டது. முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டால், கம்பெனி செட்டிங்தான் சரி என்றார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன், பத்து நிமிட வேலை.

தன் வண்டியிலும் ஏசிசியைத் "திறந்து" தரும்படி நண்பர் ஒருவர் கேட்டார். அவருடையது கீழ் வேரியண்ட், முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும் ரேடாரே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன். இன்னும் கோபமாக இருக்கிறார்.

இரவில் மரக்காணம் வழியாக ஈசிஆரில் வரும்போது இதைப் போடுவதே இல்லை. சாலையில் படுத்திருக்கும் மாட்டை என் வண்டியின் ஏசிசி நம்பத்தகுந்த மாதிரி கண்டுகொள்வதில்லை. அதற்குக் கோடிங்கில் எந்த பிட்டும் இல்லை.