ஓராண்டு அக்குபங்சர் டிப்ளமோ: கட்டிய பணமும் கிடைத்த வேலையும்

கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தையல் கடை. பதினாறு வருஷம் குனிந்தே தைத்ததில் வந்த கழுத்து வலிக்கு ஊசி குத்திக்கொள்ளப் போய், அதையே படிக்கும் ஆசை வந்துவிட்டது. "ஊசிதான் ஏற்கெனவே கையில இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். கேட்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பேர் வேண்டாம், பாடம் எடுத்த ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு.

நோட்டீசில் போட்டிருந்த கட்டணம் 38,000 ரூபாய். தேர்வுக்கும் சான்றிதழுக்கும் 4,500 தனி என்று கடைசியில்தான் சொன்னார்கள். புத்தகம், புள்ளி குறித்த பொம்மை 2,800. ஞாயிறுதோறும் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகப் போய்வர பஸ் காசு, பழக வாங்கிய ஊசி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய நஷ்டம் இந்தக் கணக்கில் இல்லை. கல்யாண சீசனில் அது எவ்வளவு என்று தையல்காரர்களுக்குத் தெரியும்.

பாடம் நன்றாகவே இருந்தது. உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் பதினான்கு பாதைகள், அவற்றில் ஊசி வைக்கும் 361 புள்ளிகள். என்னை அசத்தியது அளவெடுக்கும் முறைதான். என் டேப்பில் ஓர் அங்குலம் எல்லோருக்கும் ஒன்று. இங்கே 'சுன்' என்ற அளவு நோயாளியின் உடம்பிலிருந்தே வரும். அவர் கட்டைவிரல் அகலம் ஒரு சுன், நான்கு விரல் சேர்த்தால் மூன்று. முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து அவருடைய நான்கு விரல் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்தால் எஸ்டி 36, அதாவது வயிற்றுப் பாதையின் 36-ஆவது புள்ளி. சரியாக இறங்கினால் "சுருக்" என்பதோடு நிற்காது, ஒரு கனம் பரவும். என் மாமியார் "தேள் மாதிரி இல்ல, மரத்த மாதிரி இருக்கு" என்று சொன்ன அன்றுதான் கை பழகியது எனக்கே தெரிந்தது.

ஆனால் அது ஏழாவது மாதம்! அதுவரை பொம்மையும் பலகைப் படமும்தான். நூறு மணி நேரம் பிராக்டிகல் என்றார்கள். என் நோட்டுக் கணக்கில் முப்பத்தொன்று. கர்ப்பிணிக்கு எல்ஐ 4 (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளி) கூடாது, தோள்மேட்டில் ஆழமாக இறக்கினால் நுரையீரலில் பட்டுவிடும் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் ஓடிவிட்டது. இதற்கு இரண்டு ஞாயிறு ஒதுக்கியிருக்கலாம். சக்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம் என்று விருந்தினராக வந்த ஒருவர் பேசினார். நான் எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன்.

"நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்றது, அவர்கள் நடத்தும் முகாமில் சம்பளமில்லாமல் உதவிக்கு நிற்பது. 2003-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, 2019-இல் தனி முறையாகவும் அங்கீகரித்தது. அதெல்லாம் நிஜம். ஆனால் மேற்கு வங்கம்போல 1996-லேயே தனிச் சட்டம் போட்ட ஊர் இது இல்லை. பதிவு எண் கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம் என்று கூடப் படித்த சிலர் போர்டே அடித்துவிட்டார்கள். எனக்குத் தைரியமில்லை, நியாயமாகவும் படவில்லை.

கூடப் படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கு மட்டும் நல்ல வரும்படி. அவருக்கு ஏற்கெனவே கிளினிக் இருந்தது, ஊசி கூடுதல் சேவை. எனக்கு? பாதி அறை வாடகைக்கு எடுத்தேன். போன மாதம் 23 பேர், ஆளுக்கு 150 ரூபாய். மொத்தம் 3,450. வாடகை 2,500 போக, ஊசிக்கும் பஞ்சுக்கும் போக, கையில் நின்றது ஒரு லைனிங் பிளவுஸ் கூலி.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், மூன்றும் ஐயாவுக்கு. சேர நினைப்பவர்கள் மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். மனித உடம்பில் ஊசி வைப்பது எத்தனையாவது மாதம் என்று கேளுங்கள். முடித்தவர் இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள், தயங்கினால் பஸ் ஏறிவிடுங்கள்.

அறையை இந்த மாதம் காலி செய்துவிட்டேன். கடையில் மெஷினுக்குப் பின்னால் திரை கட்டி ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். புதன், சனி சாயங்காலம் மட்டும். பயன்படுத்திய ஊசிக்குத் தனி டப்பா, தையல் ஊசி டப்பாவிலிருந்து எட்டத்தில்.