ஒரு கேம், இரண்டு பேர்: வீட்டில் யார் எழுந்து இடம் கொடுப்பது?

டிஸ்க் காலத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இருந்ததில்லை. அண்ணன் முடித்ததும் பெட்டியோடு தங்கையிடம் கொடுப்பான், அவள் முடித்ததும் அது சித்தப்பா மகனிடம் போகும். டிஸ்க் எந்த மிஷினில் இருக்கிறதோ அங்கே கேம் ஓடும். டிஜிட்டலில் வாங்கும்போது நம் கைக்கு வருவது அக்கவுண்ட்டின் பேரில் ஓர் உரிமம்தான். அதை வீட்டில் யாரோடு, எப்படிப் பகிரலாம் என்பதை விற்றவர்களே முடிவு செய்கிறார்கள். ஆளுக்கொரு விதமாக முடிவு செய்திருக்கிறார்கள்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற எண்ணை வைத்து இவர்களுடைய பகிர்வு முறைகளை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. கணினி கேம் விற்கும் ஸ்டீமில் 6 பேர், ஸ்விட்ச் என்ற கேம் கருவியை விற்கும் நிண்டெண்டோவில் 8 பேர். எண் கூடியதால் எந்த வீட்டிலும் சண்டை குறைந்ததில்லை. நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் விளையாட உட்கார்ந்தால், யார் எழுந்திருக்க வேண்டும்?

அதற்கு முன் பல வீடுகளில் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்டு, எல்லோரும் அதிலேயே விளையாடுவது. எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. என் தங்கை இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விளையாடி வந்த ஒரு கேமில் சேவ் வைக்க ஒரே ஓர் இடம்தான். ஒரு நாள் காலை என் ஏழு வயது மகன் அதைத் திறந்து ‘புதிய ஆட்டம்’ என்பதை அழுத்தினான். பழைய சேவ் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. அவனுக்கு அப்போது அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. ‘ஆம்’ என்ற பட்டன் பெரிதாக இருந்தது, அழுத்திவிட்டான். தங்கை அவனைத் திட்டவில்லை. ஆனால் அந்த கேமை அவள் மறுபடி தொடவே இல்லை. அன்றைக்கே ஆளுக்கொரு அக்கவுண்ட் திறந்தோம். கீழே சொல்லப்போகும் எந்த வழியை எடுத்தாலும் முதல் வேலை இதுதான். ஆளுக்கொரு அக்கவுண்ட் இருந்தால்தான் சேவும் டிராபியும் (கேமில் கிடைக்கும் சாதனைச் சின்னம்) அவரவரிடம் இருக்கும்.

ஸ்டீம்: அலமாரி பொதுவானது

கணினியில் விளையாடும் வீட்டுக்கு இப்போது இதை விட நல்ல ஏற்பாடு இல்லை என்று தயங்காமல் சொல்வேன். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2013இல் வந்த பழைய ஃபேமிலி ஷேரிங்கில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. அக்கவுண்ட்டின் சொந்தக்காரர் எந்த கேமைத் திறந்தாலும், அவருடைய லைப்ரரி முழுவதும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அப்பா கார் ஓட்டும் கேம் ஒன்றைத் திறந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத புதிர் கேமில் இருக்கும் மகள் எழுந்திருக்க வேண்டும். அலமாரியில் நூறு புத்தகம் இருந்தும், ஒருவர் ஒன்றை எடுத்ததும் அலமாரியையே பூட்டுவது போலத்தான் அது.

2024 செப்டம்பரில் எல்லோருக்கும் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. இப்போது கணக்கு, வாங்கிய ஒரு காப்பிக்கு (பிரதிக்கு) ஓர் ஆள். வீட்டில் ஒரு கேமுக்கு ஒரு காப்பி இருந்தால், ஒரு நேரத்தில் ஒருவர் அதை விளையாடலாம். மற்றவர்கள் அதே லைப்ரரியில் உள்ள வேறு எதையும் திறக்கலாம். இரண்டு பேரிடம் அதே கேம் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். சேவ், சாதனைகள் எல்லாம் அவரவர் அக்கவுண்ட்டில். நெட் இல்லாமல் ஆஃப்லைனிலும் ஓடும். ஆக, ஒரே கேமை இரண்டு பேர் கேட்டால் மட்டுமே ஒருவர் காத்திருக்க வேண்டும். இது நியாயம்தான். டிஸ்க்கும் அப்படித்தானே இருந்தது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு வசதியும் எனக்குப் பிடித்திருக்கிறது. சேரும்போதே பெரியவர், சிறுவர் என்று பிரித்துவிடலாம். எந்த கேம் தெரிய வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பெரியவர்கள் வைக்கலாம். பிள்ளை ஒரு கேமைக் கேட்டு விண்ணப்பம் அனுப்பினால் நம் போனிலேயே பார்த்து, சரி என்றால் பணம் கட்டலாம். கார்டு எண்ணைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டிய அவசியமே வராது.

அப்புறம், இதில் சேரும் முன் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு கடுமையான விதிகள் உண்டு. முதலாவது: உங்கள் காப்பியை வாங்கி விளையாடும் தம்பி ஆன்லைன் கேமில் ஏமாற்று வேலை செய்து தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். ஆகவே இது முகம் தெரியாத நண்பர்களோடு கூட்டுச் சேரும் இடம் இல்லை. ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு என்றுதான் ஸ்டீமும் சொல்கிறது. இரண்டாவது: குடும்பத்தை விட்டுப் போகும் பெரியவர் வேறு குடும்பத்தில் சேர, முன்பு சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அவர் விட்டுப்போன இடத்தில் புதியவரை உட்கார வைக்கவும் அதே போல் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லா கேமும் பகிரக் கிடைக்காது. வேறொரு கம்பெனியின் அக்கவுண்ட் அல்லது சந்தா தேவைப்படும் கேம்கள் பலவும் விலக்கில் இருக்கின்றன. கடைப் பக்கத்தில் கேமின் அம்சங்களைச் சொல்லும் பகுதியில் ‘ஃபேமிலி ஷேரிங்’ என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்: பகிரப்படுவது பெட்டி

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இவை கன்சோல்கள், அதாவது டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டிகள். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் குடும்பம் என்று ஒரு குழு அமைக்கலாம். பலர் பிள்ளையை அதில் சேர்த்துவிட்டு, கேம் ஏன் வரவில்லை என்று தேடுகிறார்கள். அந்தக் குழு நேரக் கட்டுப்பாட்டுக்கும் செலவுக் கட்டுப்பாட்டுக்கும்தான். கேமைப் பகிர்வது தனி செட்டிங்.

பிஎஸ்5இல் (பிளேஸ்டேஷன் 5) அதன் பெயர் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’. எக்ஸ்பாக்ஸில் ‘ஹோம் எக்ஸ்பாக்ஸ்’. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: உங்கள் அக்கவுண்ட் ஒரு கன்சோலைத் தன் வீடு என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் கன்சோலில் யார் தங்கள் அக்கவுண்ட்டில் உட்கார்ந்தாலும் நீங்கள் வாங்கியவை ஓடும், நீங்கள் அங்கே இல்லாவிட்டாலும். வரவேற்பறையில் ஒரே ஒரு கன்சோல் இருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. செட்டிங்கை ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிடலாம். பிளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தா ஒருவரிடம் இருந்தால் அந்தக் கன்சோலில் மற்றவர்களும் ஆன்லைனில் விளையாடலாம். ஹோம் எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ் என்ற சந்தாவும் அப்படியே.

இரண்டு கன்சோல் இருக்கும் வீட்டில்தான் இதன் உண்மையான பலம் தெரியும். நான் என் அக்கவுண்ட்டுக்கு வீடாக என் தம்பியின் கன்சோலைக் குறிக்கிறேன். அவன் தன் அக்கவுண்ட்டுக்கு என்னுடையதைக் குறிக்கிறான். என் கன்சோலில் நான் என் அக்கவுண்ட்டில் நுழைந்திருப்பதால் என் கேம்கள் எனக்கு ஓடும். அவன் வாங்கியவையும் ஓடும், ஏனென்றால் அது அவனுடைய வீடு. அவன் பக்கத்திலும் இதே கதை. ஒருவர் வாங்கிய ஒரே காப்பியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் ஆன்லைனில் விளையாட முடிகிறது. யாரும் எழுந்திருக்க வேண்டாம். இதை ஸ்டீமில் கூடச் செய்ய முடியாது.

ஆனால் மூன்றாவது கன்சோல் வந்த அன்றைக்கு இந்தக் கணக்கு உடையும். ஓர் அக்கவுண்ட்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்5தான் வீடாக இருக்க முடியும். நெட் போனாலும் சிக்கல்தான்: என் கன்சோல் என் அக்கவுண்ட்டுக்கு வீடு இல்லாததால், தம்பி வாங்கியவை ஓடும், நானே வாங்கியவை பூட்டுச் சின்னத்தோடு நிற்கும். வீட்டை அடிக்கடி மாற்றவும் முடியாது. எக்ஸ்பாக்ஸில் வருடத்துக்கு 5 முறைதான் அனுமதி. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் செய்ய என் அக்கவுண்ட் அவன் கன்சோலில் நுழைந்தாக வேண்டும், அதோடு என் கார்டும் அங்கே போகிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நிண்டெண்டோ: கடன் கொடுப்பது

நிண்டெண்டோ 2025 ஏப்ரல் கடைசியில் விர்ச்சுவல் கேம் கார்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமை கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் கேம் அட்டை) போலவே நடத்துகிறார்கள். ஒரு ஸ்விட்சிலிருந்து கழற்றி உங்களுடைய இன்னொரு ஸ்விட்சில் போடலாம். குடும்பக் குழுவில் இருப்பவருக்கு 14 நாள் கடனாகக் கொடுக்கலாம். கெடு முடிந்ததும் கேம் தானாகவே திரும்பி வந்துவிடும். கொடுக்கும் நேரத்தில் இரண்டு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும். கடன் போயிருக்கும் வரை நீங்கள் அதை விளையாட முடியாது.

மற்ற இரண்டோடு வைத்துப் பார்த்தால் இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேம்தான் கொடுக்க முடியும். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சட்டென்று புரிகிறது. ‘இது அக்காவுடையது, இரண்டு வாரத்துக்கு உன்னிடம் இருக்கும்’ என்று சொன்னால் அதில் விளக்க ஒன்றும் இல்லை. வாங்கியவர் வெளியூர் போனாலும், நெட் இல்லாவிட்டாலும் கடன் வாங்கியவரிடம் கேம் ஓடும். கெடு முடிந்தாலும் அவருடைய சேவ் அவருடைய கருவியிலேயே இருக்கும். மறுபடி கடன் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரே ஸ்விட்சைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் வேறொரு பிரச்சினை இருக்கிறது, அதை எந்த உரிமமும் தீர்க்காது. ஒரு தீவில் குடியேறி அதை வளர்க்கும் அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவிக்கு ஒரே ஒரு தீவு. 8 பேர் வரை அதில் குடியிருக்கலாம், ஆனால் முதலில் திறந்தவரே தீவின் பிரதிநிதி. தீவு எப்படி வளர வேண்டும் என்ற பெரிய வேலைகள் எல்லாம் அவர் கையில். பிள்ளைக்கென்று வாங்கிய கேமை, சரியாக ஓடுகிறதா பார்ப்போம் என்று அப்பா முதலில் திறந்துவிட்டால், பிள்ளை அதில் இரண்டாம் குடிதான். அந்தப் பிள்ளை கூடாரத்தைப் போட்டுவிட்டு, அப்பா வேலையிலிருந்து வந்து அடுத்த பாலத்தைக் கட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கும். இந்த கேமை மட்டும், யாருக்காக வாங்கினீர்களோ அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச் 2 இருந்தால் கேம்ஷேர் என்று இன்னொரு வழியும் உண்டு. ஒருவரிடம் கேம் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கருவியில் சேர்ந்துகொள்ளலாம். அந்த வசதி உள்ள கேம்களில் மட்டும்.

போன் பக்கம் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஆப்பிளிலும் கூகுளிலும் 6 பேர் கொண்ட குடும்பம் அமைத்து, காசு கொடுத்து வாங்கிய கேம்களைப் பகிரலாம். ஆனால் போன் கேம்களில் பெரும்பாலானவை இலவசம், செலவு உள்ளே காசு, வைரம் என்று வாங்குவதில். அவை பகிரப்படுவதில்லை. ஆப்பிள் ஆர்கேட் ஒரு நல்ல விதிவிலக்கு: ஒரே சந்தாவை 6 பேர் பயன்படுத்தலாம், உள்ளே விளம்பரமும் இல்லை, கூடுதல் விற்பனையும் இல்லை. சிறு பிள்ளைக்குப் போனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கணினி கேம் விற்கும் எபிக் கடையில் வாராவாரம் இலவச கேம் கிடைக்கிறது, குடும்பப் பகிர்வு கிடையாது. ஆளுக்கொரு அக்கவுண்ட் திறந்து அவரவரே இலவசமாக எடுத்துக்கொண்டால் அங்கே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, எதை எடுப்பது? இரண்டுக்கு மேற்பட்ட கணினி இருந்தால் ஸ்டீம். ஒரே டிவி, ஒரே கன்சோல் என்றால் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ஒன்றுதான், பிடித்த கேம் எதில் இருக்கிறதோ அதை எடுங்கள். அண்ணன் தம்பி இருவரிடமும் ஆளுக்கொரு கன்சோல் இருந்து, சேர்ந்து விளையாடும் ஆசையும் இருந்தால், ஒருவர் கன்சோலை ஒருவர் வீடாக மாற்றிக்கொள்ளும் வழிக்கு ஈடு இல்லை. பத்து வயதுக்குள் பிள்ளைகள் என்றால் நிண்டெண்டோ, முடிந்தால் கார்ட்ரிட்ஜாகவே.

ஸ்டீமைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றைக்கே 6 இடத்தையும் நிரப்பிவிட வேண்டாம். இப்போது கேம் பக்கம் எட்டிப் பார்க்காத அம்மாவுக்கோ, அடுத்த வருடம் கணினி கேட்கப்போகும் கடைக்குட்டிக்கோ ஓர் இடத்தை விட்டு வையுங்கள். ஆர்வத்தில் நண்பரைச் சேர்த்துவிட்டுப் பிறகு எடுத்தால், அந்த நாற்காலி மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும்.