பிராத்மிக் இந்தியும் பனியன் கம்பெனி இந்தியும்

திருப்பூரில் இந்தி கற்றுக்கொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா என்று புத்தகம் வாங்கிப் படித்துப் பரீட்சை எழுதுவது. இன்னொன்று, பனியன் கம்பெனியில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்துப் பையன்களோடு செக்கிங் டேபிளில் நின்று காதால் பிடித்துக்கொள்வது. எது தேவலை என்று கேட்டால், எந்த வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான், இலக்கணம்தான் வேறு. கம்பெனி இந்தியை ஓட்டை இந்தி என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஓட்டை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் அதில் ஒரு கணக்கு தெரிகிறது. பேசும் இரு தரப்புக்கும் பழக்கமில்லாதது உதிர்ந்துவிடுகிறது, பொதுவாக இருப்பது நின்றுவிடுகிறது.

ஊசி உடைவதையே எடுத்துக்கொள்வோம். பாடநூல் இந்தியில் ஊசி பெண்பால், அதனால் 'சூயி டூட் கயீ'. மிஷினும் பெண்பால், 'மஷீன் கராப் ஹோ கயீ'. நூல் ஆண்பால், அறுந்தால் 'தாகா டூட் கயா'. கம்பெனியில் எல்லாமே 'கயா'. ஊசியும் கயா, நூலும் கயா, கரண்டு போனாலும் கயாதான்.

அப்புறம் இந்த 'நே', இறந்தகாலத்தில் செய்தவரோடு ஒட்டும் உருபு. 'நான் ஊசி மாற்றினேன்' என்பது பாடநூலில் 'மைனே சூயி பத்லீ'. மாற்றியவர் ஆணா பெண்ணா என்று வினை பார்க்காது, ஊசியின் பாலைப் பார்த்து முடியும். பிராத்மிக்கில் பாதிப்பேர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. கம்பெனியில் 'ஹம் சூயி பத்லி கியா' என்றால் வேலை முடிந்தது. இந்த 'கியா', 'கரோ' இரண்டையும் எதோடு வேண்டுமானாலும் ஒட்டலாம். 'செக்கிங் கரோ', 'அயர்னிங் கரோ', ஏன், 'பிசிறு கரோ' கூட நடக்கும். தனித்தனி வினைச்சொல் கற்கும் தொல்லை இல்லை. தமிழில் நாம் 'செக் பண்ணு', 'அயர்ன் பண்ணு' என்று எதற்கெடுத்தாலும் 'பண்ணு' போடுகிறோமே, அதே தடம்தான்.

தமிழன் வாயில் பட்டுத்தான் இந்தி இப்படி ஆனது என்று நினைத்தால் அது பாதி உண்மை. எதிரே நிற்கும் பையனுக்கும் பல சமயம் பாடநூல் இந்தி வீட்டு மொழி கிடையாது. ஒடியாவிலும் வங்காளத்திலும் ஊசிக்கும் நூலுக்கும் பால் இல்லை. போஜ்புரியில் 'நே' இல்லை, அங்கே 'நான்' என்பதற்கே 'ஹம்'தான். சூப்பர்வைசருக்கும் தேவையில்லை, டெய்லருக்கும் தேவையில்லை என்றால் பிறகு யாருக்காக அதைச் சுமப்பது? இதே கதை திருப்பூருக்கு முன்பே கல்கத்தாச் சந்தையில் நடந்தது. மொழியியலாளர் சுனிதி குமார் சாட்டர்ஜி 1931-இலேயே அந்த ஊர்க் கடைத்தெரு இந்துஸ்தானியை ஆராய்ந்து எழுதினார். அங்கேயும் பால் வேறுபாடு போய்விட்டது, 'நே' போய்விட்டது. 'ஹம் ஜாயேகா, தும் ஜாயேகா, ஓ ஜாயேகா' என்று எல்லாருக்கும் ஒரே வினைமுற்று.

நின்றவற்றைப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, தமிழிலும் அப்படித்தான். 'கோ', 'ஸே' போன்ற உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன, நம் வேற்றுமை உருபுகளைப் போலவே. வேண்டும் என்று கேட்கும்போது 'ஹம்கோ பீஸ் சாஹியே' என்று அந்தக் 'கோ' தவறாமல் வருகிறது. 'எனக்கு வேணும்' என்று நான்காம் வேற்றுமையில் கேட்டுப் பழகிய நாக்கு அதை விடவில்லை.

திருப்பூரை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். பாப்புவா நியூகினியில் பேசும் டோக் பிசின் என்ற மொழி தன் சொற்களில் பெரும்பகுதியை ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். டோக் பிசினில் 'யூமி' என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம், 'மீபெலா' என்றால் அவர் நீங்கலாக நாங்கள். எளிமையாக்கிய மொழி, சொல் கொடுத்த ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தீவுக்காரர்களின் சொந்த மொழிகளில் அது இருந்தது, அதனால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாம்–நாங்கள் பேதம் தெரிந்த தமிழர்களுக்கு டோக் பிசின் இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடச் சுலபம்.

கம்பெனி இந்தியில் அப்படிச் சேர்ந்தது ஏதாவது உண்டா? நம் ஊர் 'ங்க' உண்டு. பாடநூல் இந்தியில் முன்னிலைக்கு மூன்று படி: தூ, தும், ஆப். கம்பெனியில் நான் கேட்டவரை 'தும்' மட்டும்தான், வயது பார்ப்பதில்லை. ஆனால் கொங்கு வாய்க்கு மரியாதை இல்லாமல் பேச்சு இறங்காது. அதனால் வயதில் மூத்த அயர்ன் மாஸ்டரைக் கூப்பிடும்போது 'பையா, இதர் ஆவோங்க' என்று இந்தி வினைக்குப் பின்னால் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஏய், ஜல்தி கரோ' என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

இந்த ஏவல் வாடை தொழில் மொழிகளுக்குப் புதிதில்லை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் ஃபனகலோ, சூலு மொழியிலிருந்து வந்தது. சூலுவில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து, வாக்கியம் முழுக்க அந்த வகுப்புக்கு ஏற்ற முன்னொட்டு ஓடும். ஃபனகலோ அதை அப்படியே விட்டுவிட்டது. 'நான் போகிறேன்' என்பதற்குச் சூலுவில் 'ங்கியஹம்பா' என்று ஒரே சொல், ஃபனகலோவில் 'மினா ஹம்பா' என்று இரண்டு. கற்க எளிது, ஆனால் முதலாளி ஆளை விரட்டும் மொழி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஆபத்து நம்ம ஊர் கம்பெனி இந்திக்கும் இருக்கிறது.

மறுபக்கம் வடக்கிலிருந்து வந்தவர்கள் பேசும் கம்பெனித் தமிழ். 'நான் நாளைக்கு வராது', 'அண்ணா ஊர் போகும்' என்று வினைமுற்றுகள் எல்லாம் அஃறிணைக்குச் சுருங்கிவிடுகின்றன. ஆனால் 'எனக்கு சம்பளம் வேணும்' மட்டும் பிசகாமல் வருகிறது, ஏனென்றால் 'முஜே சாஹியே' என்ற அதே கட்டுமானம் அவர்களிடமும் இருக்கிறது. பழைய சினிமா சேட்டின் 'நம்பள்கி நிம்பள்கி' கேலிக்காகக் கட்டியது, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

சரி, கம்பெனி இந்தி எங்கே கைவிடுகிறது? 'மிஷின் கராப், ஹம்கோ போலோ' என்று இரண்டு துண்டைப் பக்கத்தில் வைத்தால் 'கெட்டால் என்னிடம் சொல்' என்று புரிந்துவிடும். நடக்காததைச் சொல்லத்தான் வழியில்லை. பீஸ் ரேட் கணக்குப் போடும் சனிக்கிழமை ஒரு கம்பெனியில் பார்த்தது: ஓவர்லாக் பையன் ஒருவன் 'மஷீன் கராப், பீஸ் கம்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். மிஷினை நேரத்தில் சரிசெய்திருந்தால் முடித்திருப்பேன், குறை என்னுடையதில்லை என்பது அவன் வாதம். சூப்பர்வைசர் காதில் 'பீஸ் குறைவு' என்ற ஒப்புதல் மட்டுமே விழுந்தது. பாடநூல் இந்தியில் 'ஹோதா தோ', அதாவது 'இருந்திருந்தால்' என்று ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயம். அந்த வார வாதத்தில் பையன் தோற்றான்.

அதனால் செக்கிங், பேக்கிங் வரைக்கும் பார்ப்பவர்களுக்குக் கம்பெனி இந்தி போதும். 'கயீ'யா 'கயா'வா என்று நின்று யோசிப்பவரைவிட அவர்கள் வேகமாகப் பேசுவார்கள். சம்பளம் பேசுகிறவர்கள், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் மட்டும் புத்தகத்தைத் திறப்பது நல்லது. 'நே'யைத் தாண்டிக் குதித்துவிடலாம். 'இப்படியானால் அப்படி' என்று சொல்ல உதவும் 'அகர்… தோ' வரும் பாடத்தையும் 'ஆப்' வரும் பாடத்தையும் விடக்கூடாது.